யாரும் ஏறத் தயங்காத வண்டி

எஸ்தர் டீச்சரின் அழைப்பு வந்தபோது வாசலில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். "வடிவு, உலகு டீச்சர் போயிட்டாங்க பிள்ள" என்றார். முந்தின நாள் சாயங்காலம்கூட உலகம்மாள் டீச்சர் தானே வண்டி ஓட்டிப் போய்க் காய்கறி வாங்கி வந்திருக்கிறார். காலையில் காபி குடித்துவிட்டுச் செய்தித்தாளோடு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய வயது. ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. "நம்ம டீச்சர் யாரையும் காக்க வைக்க மாட்டாங்கள்லா" என்று எஸ்தர் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாங்கள் சிந்துபூந்துறையில் அவர் வீட்டுக்குப் போனபோது பந்தல் போடுகிறவர்கள் வந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. எங்களைப் போல ஓய்வுபெற்ற டீச்சர்கள் சிலர் முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் டீச்சரின் கார் நின்றது. யார் முதலில் கதவைத் திறந்தது என்று தெரியவில்லை. ஒருவர் பின்சீட்டில் காலை வெளியே நீட்டியபடி உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் நாலு கதவும் திறந்து கிடக்க, அந்த வண்டி நிறைய நாங்கள்தான் இருந்தோம். லீவில் ஊருக்கு வந்திருந்த டீச்சரின் மகன் கண்ணன் வெளியே வந்து எங்களைப் பார்த்தான். அழுது சிவந்த கண்ணோடு, "கண்ணாடிய எல்லாம் எறக்கி விடட்டுமா டீச்சர்? காத்து வரும்" என்றான். ஸ்டீயரிங்குக்கு முன்னால் மட்டும் யாரும் உட்காரவில்லை.

நம் ஆசிரியர் சங்க மலரில் இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்த வண்டியில் ஏறியிருப்பீர்கள். ஏறாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். பாலாடை நிறத்தில் ஒரு பழைய பத்மினி கார். டீச்சரின் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் அதை இன்னொருவரிடமிருந்து வாங்கியபோதே அது மவுசு போன வண்டிதான். ஊரெல்லாம் புதிதாக வந்த சின்னக் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பெட்டி போன்ற உடம்பு, இரண்டு வட்ட விளக்கு. முன்பக்கம் பெஞ்சு மாதிரி ஒரே நீளச் சீட்டு. கியர் கம்பி தரையில் இருக்காது. ஸ்டீயரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்கதவுக் கண்ணாடியின் மூலையில் முக்கோணமாக இன்னொரு சின்னக் கண்ணாடி உண்டு. அதைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். பாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. அது பாடி நான் கேட்டதில்லை.

வாங்கி இரண்டு வருடம்கூட முழுதாக ஓட்ட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், டீச்சரின் கொழுந்தனார் ஒரு தரகரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். நானும் எஸ்தரும் அடுக்களை வாசலில் நின்றிருந்தோம்.

"மைனி, இந்த வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்கப் போகுது. இவரு எடுத்துக்கிடுதேங்காரு. பேசி முடிச்சிருவமா?"

"எதுக்குச் சும்மா நிக்கப் போகுது?" என்றார் டீச்சர்.

"பெறகு யாரு ஓட்டுவா? கண்ணன் பச்சப்பிள்ள."

"நான் ஓட்டுவேன்."

டீச்சர் அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கொழுந்தனாருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை. "வெளையாடாதீங்க மைனி" என்றார். "வெளையாட்டு இல்ல. சாவி அந்த ஆணியிலயே தொங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தரகருக்குக் காபி எடுத்துவர டீச்சர் உள்ளே போனார். யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டி வந்தால் கூடவே ஒரு தம்ளர் காபியும் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். மறுக்கப்பட்டவர் வருத்தத்தோடு போக முடியாது.

அன்றைக்கு அதை ஒரு ரோசத்தில்தான் சொன்னேன் என்று பின்னால் எங்களிடம் ஒத்துக்கொண்டார். சாவி மாதக்கணக்கில் ஆணியிலேயே தொங்கியது. வண்டியின் மேல் புழுதி ஏறி, அதில் தெருப்பிள்ளைகள் விரலால் பேர் எழுதினார்கள். அவரும் அதை மறந்திருப்பார். அதற்குள் எங்களுக்கு மாறுதல் வந்தது.

டீச்சர், எஸ்தர், நான் மூன்று பேரும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் இருந்தோம். ஆசிரியர்கள் கூடுதல் என்று கணக்குக் காட்டி எங்கள் மூவரையும் கல்லிடைக்குறிச்சிக்கு உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இங்கிருந்து ஜங்ஷன், அங்கிருந்து அம்பாசமுத்திரம் பஸ், நடுவழியில் இறங்கி மினி பஸ் என்று மாறி மாறிப் போக வேண்டும். மினி பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். என் மகன் அப்போது தவழ்கிற குழந்தை. விடியும் முன் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்க்கலாம். "இப்படி அலைஞ்சு வேலை பாக்கணும்னு என்ன தலையெழுத்து? விட்டுரு" என்றார் என் கணவர். அதட்டிச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் பரிவோடு சொன்னார். எனக்கும் அதுவே சரி என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஆசிரியர் அறையில் உலகம்மாள் டீச்சரிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு மாசம் லீவு போடு. விடுதேன்னு அதுக்குள்ள யார்ட்டயும் சொல்லிராத."

"ஒரு மாசத்துல என்ன மாறப்போகுது டீச்சர்?"

"நான் வண்டி படிச்சிருவேன்" என்றார்.

அன்று சாயங்காலமே பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அங்கே பெண்கள் யாரும் அதற்கு முன் படித்ததில்லை. சொல்லிக் கொடுக்கிறவர் கூச்சத்தில் இவர் முகத்தைப் பார்க்காமலே பாடம் நடத்தினாராம். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வேறு சிக்கல். ஸ்கூல் வண்டியில் கியர் தரையில் இருந்தது. இதில் ஸ்டீயரிங் பக்கத்தில். மறுபடியும் முதலிலிருந்து. கொட்டகைக்குள் வண்டியைக் கிளப்பாமலேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கம்பியை மேலும் கீழும் தள்ளிப் பழகினார். "புருசன் போன துக்கத்துல டீச்சருக்குக் கோட்டி புடிச்சிட்டு போலுக்கு" என்று தெருவில் பைத்தியப் பட்டமே கட்டிவிட்டார்கள். அது டீச்சர் காதுக்கும் வந்தது. "கோட்டின்னே நெனச்சிக்கிடட்டும். அப்பதான் ரோட்டுல ஒதுங்கி வழி விடுவாவ" என்றார்.

அவர் வண்டியை எடுத்த முதல் நாளை எஸ்தரும் நானும் சாகும்வரை மறக்க மாட்டோம். பாளையங்கோட்டையில் எங்களை ஏற்றிக்கொண்டு குலவணிகர்புரம் ரயில் கேட் வரை அழகாக ஓட்டி வந்துவிட்டார். கேட் மூடியிருந்தது. ரயில் போய்க் கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டி அணைந்துபோனது. பின்னால் டவுன் பஸ். அதற்குப் பின்னால் ஊரே நிற்கிறது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ யக்கா, வண்டிய எடுக்கியளா, நாங்க எறங்கித் தள்ளவா?" என்றார்.

டீச்சர் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இன்னைக்குத்தான் எனக்கு மொத நாளு. உங்களுக்கும் ஒரு மொத நாளு இருந்திருக்கும்லா?"

அந்த மனிதர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம். பஸ்ஸைக் கொஞ்சம் குறுக்காக நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு சைக்கிள்கூட எங்களைத் தாண்ட முடியாதபடி நிறுத்திக்கொண்டார். "பதறாண்டாம் யக்கா. பைய எடுங்க" என்றார். பின்சீட்டில் எஸ்தர் சத்தமாக ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். "எஸ்தரு, ஜெபத்த கேட்டைத் தாண்டிச் செஞ்சுக்கிடலாம். இப்ப அந்தப் பக்கம் ஆட்டோ வருதான்னு பாரு" என்றபடி டீச்சர் சாவியைத் திருப்பினார். இரண்டு மூன்று முறை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. அதற்குப் பிறகு அந்த பஸ் எங்களை எங்கே எதிரில் கண்டாலும் லேசாக ஒரு ஹாரன் கொடுக்கும். டீச்சர் கையைத் தூக்குவார்.

என் வேலை அப்படித்தான் தப்பியது. பிறகு நான் எத்தனையோ பள்ளிகளுக்கு மாறி, தலைமையாசிரியையாகி, ஓய்வும் பெற்றேன். என்னைப் பாராட்டிப் பேசிய கூட்டங்களில் எதை எதையோ காரணமாகச் சொன்னார்கள். உலகம்மாள் டீச்சர் ஒரு கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப் பழகியது ஒருவருக்கும் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வண்டி எங்கள் மூவருக்காக மட்டும் ஓடியிருந்தால் இவ்வளவு சொல்ல இருக்காது. அம்பாசமுத்திரம் ரோட்டில் கை காட்டுகிற யாருக்கும் டீச்சர் நிறுத்துவார். கை காட்டாமல் வெயிலில் நிற்கிறவர்களுக்கும் நிறுத்துவார். தருவைப் பக்கம் நடவு முடித்து வருகிற பெண்கள் சேற்றுக் காலோடு ஏறுவார்கள். சேரன்மகாதேவி ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள் ஏறுவார்கள். பத்தமடையில் பாத்திமா என்று பாய் நெய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவள் சுருட்டிய பாய்களோடு ஏறினால் பாய் ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் குனிந்துகொண்டு வருவோம். கோரையின் வாசம் வண்டிக்குள் இரண்டு நாள் நிற்கும். முன்பக்கம் பெஞ்சுச் சீட்டு என்பதால், "தள்ளி உக்காருங்க, எடம் இருக்கு" என்று எப்போதும் சொல்ல முடிந்தது. அந்த வண்டியில் இடம் இல்லை என்று டீச்சர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதற்குக் குறைகளும் இருந்தன. வயதான வண்டி, சித்திரை வெயிலில் கொதித்துப் போகும். வீரவநல்லூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, அது ஆறும்வரை நாங்களும் டீ குடிப்போம். மழை பெய்தால் என் பக்கத்துக் கண்ணாடியைக் கையால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். பள்ளியில் புதுக் கார் வைத்திருந்த ஒரு சார், "டீச்சர், இத மியூசியத்துக்கு எப்பக் குடுக்கப் போறீங்க?" என்று அடிக்கடி கேட்பார். "நீங்க முன்னால போயி எடம் பிடிச்சு வைங்க சார், பின்னாலயே கொண்டாரேன்" என்பார் டீச்சர். அந்த சாரின் வண்டி பஞ்சரான அன்று அவரும் எங்களோடுதான் வந்தார். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தோம்.

கண்ணனுக்கு மட்டும் அந்த வண்டி பிடிக்கவில்லை. பெரிய வகுப்புக்கு வந்ததும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லுவான். கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்தார்கள். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கேயே இறக்கிவிட்டு வருவார். எனக்குத்தான் கோபம் வந்தது. "நீங்க ஏன் அவனக் கண்டிக்கல?" என்று கேட்டேன். "எனக்கு அந்த வயசுல எங்கம்மைகூட ரோட்டுல நடந்து போறதே கூச்சமா இருந்திச்சு வடிவு. அது அந்த வயசுக்கு உள்ளது" என்றார்.

கண்ணன் படித்துப் பெங்களூரில் நல்ல வேலைக்குப் போனான். டீச்சர் ஓய்வு பெற்றுச் சில வருடம் கழித்து, ஒரு பொங்கலுக்கு அம்மாவுக்குப் புதுக் கார் ஒன்று வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கருநீலத்தில் பளபளப்பான வண்டி. கிளட்சு கிடையாது, ஏசி உண்டு. அம்மாவின் முழங்காலை நினைத்து வாங்கியது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாரையும் அதில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

வீரவநல்லூரில் இருந்த தங்கையைப் பார்க்க டீச்சர் வாராவாரம் போவது வழக்கம். ஒரு முறை புது வண்டியில் நானும் கூடப் போனேன். திரும்பும்போது பத்தமடை நிறுத்தத்தில் பாத்திமா பாய்க் கட்டோடு நின்றாள். டீச்சர் வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தினார். அவள் ஒதுங்கி நின்றாள். கண்ணாடி இறங்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"நீங்களா டீச்சர்? கண்ணாடி கருப்பா இருந்துச்சா, யாரோ பெரிய எடத்து ஆளுன்னு நெனச்சேன்."

"ஏறு பாத்திமா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளை உறை போட்ட சீட்டு. தன் கட்டைப் பார்த்தாள். "வேண்டாம் டீச்சர். சீட்டு அழுக்காயிரும். இந்தா பஸ் வந்துரும்."

"அழுக்கானா தொடச்சிக்கிடலாம். ஏறு."

"இல்ல டீச்சர். நீங்க போங்க." சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முன்னீர்பள்ளம் வரும்வரை டீச்சர் வழியில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பிறகு, "இந்த வண்டி என்ன தப்புப் பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணல. ஆனா ஏற மாட்டேங்காவளே வடிவு" என்றார். யோசித்துப் பார்த்தபோது எனக்கும் புரிந்தது. புது வண்டி வந்த பிறகு ஒருவர்கூட எங்களுக்குக் கை காட்டவில்லை. பழைய வண்டிக்கு முகத்தில் கோபம் கிடையாது, பெருமையும் கிடையாது. உள்ளே இருப்பது யார் என்று வெளியே நிற்பவருக்குத் தெரியும். செருப்பைத் தட்டிவிட்டு ஏற வேண்டுமோ என்று யாரும் அதன் முன்னால் யோசித்ததில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் டீச்சர் மகனுக்குப் போன் செய்தார். "எய்யா, வண்டி அருமையான வண்டி. நீ வரும்போது ஓட்டு. எனக்குப் பழசே போதும்." எப்படிச் சொன்னாலும் அது கேட்கிறவனுக்கு வலிக்கத்தான் செய்யும். கண்ணன் கோபமாக எதுவும் பேசவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டான். தினமும் பேசியவன் வாரத்துக்கு ஒரு முறை பேசினான்; அதுவும் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதோடு முடிந்தது. அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. தீபாவளிக்கு வந்தவன் இரண்டே நாளில் திரும்பிவிட்டான். கொட்டகையில் இரண்டு வண்டியும் அருகருகே நின்றன. "வண்டிய வேண்டாம்னு சொன்னேன். அவன் தன்னையே வேண்டாம்னு சொன்னதா எடுத்துக்கிட்டான்" என்று டீச்சர் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் தெம்பு இல்லை. கணவர் போன காலத்தில்கூட அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு ஆற்றில் அந்தப் பெருவெள்ளம் வந்தது. எங்கள் யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மார்கழியில் சிந்துபூந்துறைத் தெருக்களில் ஆறு ஓடியது. டீச்சரை அடுத்த வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகையின் தகரம் மட்டும் தெரிந்ததாம். தண்ணீர் வடிந்தபோது இரண்டு வண்டியும் சீட்டு உயரத்துக்குச் சேற்றில் புதைந்து நின்றன. புது வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைச் சரி செய்வதற்கு இன்னொன்று வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். பழையதைப் பார்த்தவர்கள், "இனி இது இரும்புக்குத்தான் டீச்சர்" என்றார்கள்.

ரயில் ஓட ஆரம்பித்ததும் கண்ணன் வந்தான். வீட்டுக்குள் இருந்த சேற்றை அள்ளிக் கொட்டிக் கழுவி முடித்தான். அது முடிந்த பிறகு, கொட்டகைக்குப் போய்ப் பழைய வண்டியின் பானெட்டைத் திறந்தான். மேலப்பாளையத்திலிருந்து காதர் பாயைக் கூட்டிவந்தான். அந்த வண்டியை ஆதி நாளிலிருந்து பார்த்த மெக்கானிக் அவர். இரண்டு பேருமாகச் சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டார்கள். என்ஜினைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கழுவி, பழைய சேலையை விரித்து அதன் மேல் காய வைத்தார்கள். நான் ஒரு நாள் எல்லாருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். கண்ணனுக்கு முழங்கை வரை கரி. டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"லீவு முடிஞ்சிருக்குமே கண்ணா?" என்றேன்.

"நீட்டிச்சிருக்கேன் டீச்சர்." கையில் இருந்த சாமானைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினான். "என் வண்டில எது எங்கன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. இதுல எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. எது போச்சுன்னு பாத்து மாத்துனா, வந்துருது." துணியைக் கீழே போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்: "அம்மா எங்கயும் போகாம வீட்டுக்குள்ளயே இருக்கா. பாக்க முடியல."

வண்டி கிளம்பிய அன்றும் நான் அங்கே இருந்தேன். முதலில் ஒரே புகை. பிறகு கொட்டகை அதிர ஒரு சத்தம். பிறகு அது பழைய மாதிரி ஒரே சீராக உறும ஆரம்பித்தது. காதர் பாய் கையை மேலே தூக்கி இறைவனுக்கு நன்றி சொன்னார். டீச்சர் எழுந்து வந்து, "கையக் கழுவிட்டு எல்லாரும் சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னார். சாப்பிட்ட பிறகு என்னைப் பாளையங்கோட்டையில் கொண்டுவிடக் கண்ணன்தான் வண்டியை எடுத்தான். அந்தக் கியர் அவனுக்குப் பழக்கமில்லை. "பைய. உன் பக்கமா இழுத்து, கீழ தள்ளு" என்று டீச்சர் அவன் கையின் மேல் தன் கையை வைத்துக் காட்டினார். முன்சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கணவர் போன பிறகு அந்த வண்டியில் டீச்சர் ஓட்டாமல் உட்கார்ந்து போனது அன்றுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணன் எதற்கோ சிரித்தான். டீச்சரும் சிரித்தார். எதற்கு என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு தினமும் போன் வந்தது.

கடைசிச் சில வருடங்களில் காலம் வேடிக்கையாகத் திரும்பிவிட்டது. சிக்னலில் நின்றால் இளவட்டங்கள் பைக்கில் வந்து வண்டியைப் படம் எடுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் படம் பிடிக்கிறார்களே, அதற்கு இந்த வண்டி வேண்டும் என்று ஒருவர் வந்தார். டீச்சர் தானே குறுக்குத்துறைக்கு ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டு, படித்துறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா ஓட்டுகிற மாதிரி நடிக்க, பெண், "நெசமாவே கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க பாட்டி" என்று டீச்சரிடம் வந்து கேட்டாளாம். பட்டுச்சேலையோடு அவளை ஏற்றிக்கொண்டு கோயில் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "அந்தப் பிள்ளைக்கு மாப்பிளைய விட வண்டி மேலதான் கண்ணு" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

பழைய கார்களைச் சேர்க்கிற பணக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து தேடி வந்து விலைக்குக் கேட்டார்.

"வாங்கி என்ன செய்வீங்க?" என்றார் டீச்சர்.

"நல்ல ஷெட்ல வச்சுப் பாதுகாப்போம்மா."

"ஷெட்டு இங்கயும் இருக்கு. அது போக, இங்க ஓடவும் செய்யுது" என்றார் டீச்சர். அவருக்கும் காபி கிடைத்தது.

எல்லாரும் இப்போது அதை ஏன் விரும்புகிறார்கள் என்று டீச்சரிடம் ஒரு முறை கேட்டேன். "பழசுங்கதுக்காக நான் இத வச்சிருக்கல. நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். அது பாட்டுக்குப் பழசாயிட்டு. புடிச்சவங்க பாத்துட்டுப் போகட்டும்" என்றார். அவருக்கு அந்த வண்டியைப் பற்றிப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அதைப் பற்றி அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே அன்று மட்டும்தான்.

கண்ணன் அதை விற்கப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பள்ளி விட்டுத் திரும்பிய அந்தச் சாயங்கால நேரத்தை. காலையில் அடுப்படி, பகலெல்லாம் பிள்ளைகள், வீட்டுக்குப் போனால் மறுபடியும் அடுப்படி. நடுவில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம் எங்களுக்கு அது ஒன்றுதான் இருந்தது. சேரன்மகாதேவி தாண்டியதும் பேச்சு தானாகக் குறையும். இடப்பக்கம் வயல், அதற்கு அப்பால் ஆற்றங்கரை மரங்கள். எஸ்தர் கண்ணை மூடிக்கொள்வார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நான் ஏதோ வீட்டுக் கவலையைச் சொல்ல ஆரம்பித்தபோது டீச்சர், "அது எங்கயும் ஓடிப்போவாது வடிவு. வீட்டுக்குப் போனா அங்கனதான் இருக்கும். இப்பக் காத்து வாங்கு" என்றார்.

இப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் நான் எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. மாடியில் ஒரு நாற்காலியைப் போட்டு மேற்கே பார்த்து உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் அந்த நேரத்தில் என் மருமகள் வேலை முடிந்து களைத்து வந்தவள், நேராக மேலே ஏறி வந்து, "அத்தை, ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். "ஆறு மணிக்கு மேல சொல்லுதேன். இப்ப நீயும் இப்படி உக்காரு" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.